முப்பது இழுப்பறைக்கு ஒரு ஜிக்

மாப்பிள்ளைக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் மனைவியின் தம்பியை. கொலுசுகளை எடை வாரியாகவும் டிசைன் வாரியாகவும் பிரித்து வைக்க, முப்பது இழுப்பறைகள் உள்ள ஓர் அலமாரி வேண்டும் என்று போன தீபாவளிக்கு முன்பே கேட்டுவிட்டார். இப்போது அங்கே நிற்பது பிளைவுட்டில் ஆணி அடித்து மேலே மைக்கா ஒட்டிய ஒன்று. அதில் பாதி இழுப்பறைகளில் முகப்பு தனியாக, பெட்டி தனியாக ஆடுகிறது. வெள்ளி கனமான சரக்கு. காலையிலிருந்து இரவு வரை இழுப்பதும் தள்ளுவதுமாக இருக்கும். இழுக்கிற விசை முழுவதும் முகப்பும் பக்கமும் சேரும் மூலையில்தான் விழுகிறது. முகப்பு வழியாகப் பக்கப் பலகைக்குள் அடித்த ஆணி, அந்த விசை இழுக்கும் அதே திசையில்தான் கழன்று வரும். பிறகு அது ஏன் நிற்க வேண்டும்?

"மாமா, என் பையன் கல்லாவில் உட்காரும்போதும் இந்த அலமாரி இருக்க வேண்டும்" என்றார். அப்படியானால் டவ்டெயில்தான். பக்கப் பலகையின் முனையில் புறாவின் வால்போல விரிந்த வால்கள். முகப்பில் அவை உட்காரும் குழிகள். இழுக்க இழுக்க வால் குழிக்குள் இறுகுமே தவிர வெளியே வராது. பசை இல்லாவிட்டாலும் அந்தத் திசையில் பிடித்துக்கொள்ளும். எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த மரச்சாமான்களிலேயே இந்த இணைப்பு இருக்கிறது.

எனக்குத் தொழில் லேத். மரவேலை ஞாயிற்றுக்கிழமைகளில், கன்னங்குறிச்சியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில். ஆகவே முதலில் சேலத்தின் குகைப் பகுதியில் இருக்கும் ஆசாரி அண்ணனிடம் போனேன். அவர் கணக்குப் போட அதிக நேரம் எடுக்கவில்லை. "முப்பது இழுப்பறை என்றால் நூற்றிருபது மூலை. கையால் வெட்டிக் கொடுப்பேன். கூலியை உங்கள் மாப்பிள்ளை கொடுப்பாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள்" என்றார். கூடவே ஒரு நல்ல யோசனையும் சொன்னார்: பின்பலகைக்கு டவ்டெயில் வேண்டாம், பக்கப் பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதில் பின்பலகையைச் செருகினால் போதும், அங்கே இழுவிசை கிடையாது. அந்த ஒரு வார்த்தையில் வேலை பாதியாகி அறுபது மூலைகளுக்கு வந்துவிட்டது. அறுபதையும் கையால் வெட்டும் பொறுமை எனக்கு இல்லை. அதற்கு நான் வெட்கப்படவும் இல்லை.

கையால் வெட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். டவ்டெயில் ஜிக் (கருவி தவறாமல் ஓட வழிகாட்டும் சாதனம்) என்று தேடினால் இரண்டு வேறு வகைப் பொருள்கள் ஒரே பெயரில் வரும். ஒன்று, உள்ளங்கை அளவுள்ள காந்த வழிகாட்டி. பலகை முனையில் அதைப் பிடித்துக்கொண்டால், உள்ளே பதித்த காந்தம் வாளின் தகட்டை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நாம் இழுத்துத் தள்ளினால் போதும், சாய்வு தவறாது. சாய்வு 1:6 அல்லது 1:8 என்று வரும். மென்மரத்துக்கு முதலாவது, கடினமரத்துக்கு இரண்டாவது என்பது பழைய வழக்கம். வருடத்துக்கு ஒரு பெட்டி செய்கிறவர் இதை வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரு நல்ல வாளும் இரண்டு உளியும் வாங்கிக்கொள்ளலாம். ரூட்டர் (பிட்டைச் சுழற்றி மரத்தைக் குடையும் மின்கருவி) ஓடும் ஜிக் பக்கமே வர வேண்டாம். சத்தமாவது இல்லாமல் போகும்.

இரண்டாவது வகைதான் நான் தேடியது: ரூட்டர் ஓடும் சட்டம்.

எங்கள் தொழிலில் ஜிக் அன்றாடப் பொருள். ஒரே துளை ஐந்நூறு துண்டுகளில் ஒரே இடத்தில் விழ வேண்டுமானால், கனத்த தகட்டில் கடினமாக்கிய புஷ் (துளைக்கு வழிகாட்டும் வளையம்) இறக்கிக் கொடுத்துவிடுவோம். பிறகு நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் போட்டாலும் துளை தப்பாது. ஆகவே டவ்டெயில் ஜிக் விற்கிற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரே கேள்விதான் எழுந்தது. என் அளவுக்கு இந்த ஜிக் வளைந்து கொடுக்குமா, அல்லது ஜிக்கின் அளவுக்கு நான் வளைந்து போக வேண்டுமா? விலை வித்தியாசம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எத்தனை வகை இணைப்பு செய்யும், எத்தனை பிட் (ரூட்டரில் மாட்டும் வெட்டுமுனை) கூட வருகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வளைந்து கொடுக்கும் வகையில் பேர் பெற்றது கனடாவின் லீ கம்பெனி ஜிக். (லீ என்றதும் சேலத்துக்காரனுக்கு லீ பஜார்தான் ஞாபகம் வரும், இது வேறு லீ.) அதன் டி4ஆர் புரோ 24 அங்குலம் அகலம். விரல்களை, அதாவது ரூட்டரை வழிநடத்தும் பற்களை, ஒவ்வொன்றாக நகர்த்தி, வால் எங்கே வர வேண்டும், எவ்வளவு அகலத்தில் வர வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். பழைய பீரோவில் ஓர் இழுப்பறை உடைந்துபோய், மற்றவற்றுக்கு ஒத்த மாதிரி புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் இதைவிட நல்லது கிடையாது. ஏற்கெனவே இருக்கிற அளவுக்கு நீங்கள் அடங்க வேண்டிய வேலைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் பொருத்தம். ஆனால் கடல் கடந்து வரும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால், என் ரூட்டரின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும். முப்பது இழுப்பறைகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கப் போகின்றன. எனக்கு எதற்கு நகரும் விரல்கள்?

கெல்லர் ஜிக்கின் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. கனத்த அலுமினியத் தகடுகள் இரண்டு, ஷாங்கில் (பிட்டின் தண்டில்) பேரிங் உள்ள பிட்டுகள் இரண்டு, அவ்வளவுதான். கழன்று ஆடுவதற்கு அதில் எதுவுமே இல்லை. ஒரு லேத்காரன் வடிவமைத்த மாதிரி இருக்கும். ஆனால் அது இரு பக்கமும் தெரியும் முழு டவ்டெயிலை மட்டுமே வெட்டும். முகப்பில் வால்முனை தெரியக் கூடாது என்றால் அரை டவ்டெயில் வேண்டும். அது கெல்லரில் நடக்காது. இன்க்ரா என்பது ரூட்டர் மேசையின் (ரூட்டரைத் தலைகீழாகப் பதித்த மேசை) வேலியைப் பல்சட்டத்தில் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்காக நகர்த்தும் ஏற்பாடு. பார்க்க அழகாக இருக்கிறது, மேசை வைத்திருப்பவர்களுக்கு. ஆஸ்திரேலியாவின் கிஃப்கின்ஸும் ரூட்டர் மேசையில் ஓடுவதுதான். சிறு பெட்டிகளுக்கு மிகவும் வசதி என்கிறார்கள், பார்த்தாலே புரிகிறது. நீளப் பலகையை நிறுத்திப் பிடித்து மேசைமேல் ஓட்டுவதுதான் சங்கடம். போர்ட்டர் கேபிளின் 4212, பன்னிரண்டு அங்குலம். அரை, முழு இரண்டும் செய்யும். அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்த, பெயர் தெரியாத அலுமினிய ஜிக்குகள் நம் சந்தையில் நிறைய இருக்கின்றன.

பன்னிரண்டு அங்குலம் போதுமா என்று கவலைப்படுகிறவர்கள் இழுப்பறையின் உயரத்தை அளந்து பாருங்கள். அகலத்தை அல்ல, உயரத்தை. என் இழுப்பறைகளில் மிக ஆழமானதே நாலரை அங்குலத்தைத் தொடவில்லை. இருபத்துநாலு அங்குல ஜிக் கல்யாணப் பெட்டி செய்கிறவர்களுக்கு.

ஆக, நிலையான டெம்ப்ளேட் (விரல்கள் நகராத தகடு) உள்ள பன்னிரண்டு அங்குல ஜிக் என்று முடிவு செய்தேன். அதாவது, ஜிக்கின் அளவுக்கு நான் வளைவது. இதில் எவ்வளவு வளைய வேண்டும் என்பதைப் பலர் வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண அரை அங்குல டெம்ப்ளேட்டில் ஒரு விரலின் நடுவிலிருந்து அடுத்த விரலின் நடுவுக்கு ஏழு நூல் (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). அதாவது 22.2 மில்லிமீட்டர். இதை மாற்ற முடியாது. இழுப்பறையின் உயரம் ஏழு நூலின் மடங்காக இருந்தால் மேலும் கீழும் ஒரே மாதிரி அரை முளையில் முடியும் (முளை என்பது முகப்பில் இரு குழிகளுக்கு நடுவே நிற்கும் மரம்). இல்லாவிட்டால் கீழே அரை முளையும் மேலே ஒரு சிலாம்புமாக நிற்கும். அந்தச் சிலாம்பு முதல் நாளே உடைந்து போகும். எனவே இரண்டு அங்குலம் ஐந்து நூல், மூன்றரை அங்குலம், நாலு அங்குலம் மூன்று நூல் என்று மூன்று உயரங்களை எடுத்துக்கொண்டேன். முறையே மூன்று, நான்கு, ஐந்து மடங்கு. மெல்லிய கொலுசு மேலே, கனமானது கீழே. அலமாரியின் மொத்த உயரம் அதிலிருந்து பிறந்தது. மாப்பிள்ளை முதலில் கொடுத்த அளவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்; இரண்டு அங்குலம் குறைந்ததற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது ஆழம். இந்த வகை ஜிக்கில் அரை அங்குல விட்டம், 14 டிகிரி பிட் ஒன்றே வாலையும் குழியையும் ஒரே ஓட்டத்தில் வெட்டுகிறது. முகப்புப் பலகை ஜிக்கின் மேலே படுத்திருக்கும், உள்பக்கம் மேல்நோக்கி. பக்கப் பலகை முன்னால் செங்குத்தாக நிற்கும், அதன் உள்பக்கம் நம்மைப் பார்த்து. இரண்டும் ஒன்றுக்கொன்று மூன்றரை நூல் தள்ளி. பிட் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் வாலின் நீளம். அதுவே குழியின் ஆழம். இந்த ஆழம் நம் விருப்பம் அல்ல. இறுக்கத்தைத் தீர்மானிப்பதே அதுதான். 14 டிகிரிக்குக் கணக்குப் போட்டால், ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் வெட்டின் கழுத்து கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் குறுகும், வால் அந்த அளவு தடிக்கும். ஆகவே ஆழம் கூட்டினால் இறுகும், குறைத்தால் தளரும். என் ஜிக்கில் அது பத்து மில்லிமீட்டரை ஒட்டி வந்து நிற்கிறது. முகப்பு குறைந்தது பதினைந்து மில்லிமீட்டராவது இருந்தால்தான் முன்னால் மரம் மிஞ்சும்.

பக்கப் பலகையின் கனத்தை டெம்ப்ளேட்டை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்கிறோம். ஒருமுறை சரிசெய்து பூட்டிவிட்டால் எல்லாப் பலகைக்கும் அதே அளவு. இதன் விளைவைக் கவனியுங்கள். முகப்புகளின் கனம் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் மாறினால் ஒன்றும் கெட்டுவிடாது. பக்கப் பலகைகளின் கனம் மாறினால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு படி தெரியும். பக்கம் வெளியே தள்ளி நிற்கும் அல்லது உள்ளே போயிருக்கும். எனவே நான் ஜிக் வாங்குவதற்கு முன்பே மரத்தை வாங்கிவிட்டேன்.

பக்கங்களுக்கு ஏற்காட்டு சில்வர் ஓக். காபித் தோட்டங்களில் நிழலுக்காக வைத்து, மிளகுக் கொடி ஏற்றிவிட்டிருப்பார்களே, அந்த நெட்டை மரம். பெயரில்தான் ஓக், உண்மையில் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. (கிஃப்கின்ஸை வாங்கியிருந்தால் ஜிக்கும் மரமும் ஒரே ஊராக இருந்திருக்கும்.) பெட்டி அடிக்கவும் பிளைவுட்டுக்கும்தான் பெரும்பாலும் போகிறது. நடுவிலிருந்து பட்டை நோக்கிப் போகும் வாக்கில் நீளமாக அறுத்துப் பார்த்தால் செதில் செதிலாக மினுக்கும். அதை இழைத்து வைத்தால் இதுவா பெட்டி அடிக்கிற மரம் என்று கேட்பீர்கள். தேக்கைவிட மென்மை, விலையும் தாங்கக்கூடியது. இழுப்பறையின் பக்கத்துக்கு அதற்கு மேல் எதற்கு?

ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த பலகையை அன்றே இழைக்கக் கூடாது. மலையில் உள்ள ஈரமும் சித்திரை மாதச் சேலத்தின் வெயிலும் ஒன்றா? நடுவே குச்சி கொடுத்து அடுக்கி, ஷெட்டிலேயே ஒரு கோடை முழுவதும் கிடக்க விட்டேன். சில பலகைகள் முறுக்கிக்கொண்டன. அவை அடிப்பலகைக்கும் பின்பலகைக்கும் சிறு துண்டுகளாகப் போயின. மற்றவற்றை அம்மாபேட்டைப் பக்கம் ஒரு மில்லில் ஒரே நாளில், இழைப்பு மெஷினின் அளவை இடையில் தொடாமல், நாலு நூல் கனத்துக்கு ஓட்டி வாங்கினேன். ஒரே நாளில், அளவைத் தொடாமல் என்பதை மில்காரரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "இரும்புக்காரர் இரும்புக்காரர்தான்" என்று சிரித்தார். வெர்னியர் (நுண் அளவுகோல்) வைத்துப் பார்த்தேன். அவர் சிரித்தது வீண் போகவில்லை, அவ்வளவு சீராக இருந்தது.

முகப்புக்கு மரவாடியில் வாங்கிய தேக்கு. ஆறு நூல் என்று வாங்கியது இழைத்த பிறகு பதினேழு மில்லிமீட்டர்.

மரத்தை வைத்துக்கொண்டுதான் ஜிக் தேடப் போனேன். கோயம்புத்தூரில் ஒரு கருவிக் கடையில் பெட்டியைப் பிரித்துப் பார்க்க அனுமதித்தார்கள். இணையத்தில் வாங்கினால் இந்த வாய்ப்பு இல்லை, அதனால்தான் பஸ் ஏறினேன். மூலைமட்டமும் வெர்னியரும் கையில் இருந்தன. முதலில் பார்க்க வேண்டியது, மேல் தட்டுக்கும் முன் தட்டுக்கும் நடுவே 90 டிகிரி இருக்கிறதா என்பது. இது சாய்ந்திருந்தால் நீங்கள் என்ன செய்தாலும் இழுப்பறை கோணலாகத்தான் வரும். எந்தத் திருகாணியும் அதைச் சரிசெய்யாது. முதல் பெட்டியில் வெளிச்சம் தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பிரிக்கச் சொன்னேன். கடைப் பையன் முகம் சுளித்தான். இரண்டாவதில் மட்டம் சரியாக உட்கார்ந்தது. பிறகு டெம்ப்ளேட்டின் விரல்களை வரிசையாக அளந்தேன். பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்திருந்தால் மரத்துக்குப் போதும், ஒத்திருந்தது. டெம்ப்ளேட் உலோகமா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வருபவை ஒருமுறை பிட் உரசினால் முடிந்தன.

பிடிப்புச் சட்டங்கள்தான் இந்த விலை ஜிக்குகளின் பலவீனம். நடுவில் வளைந்துகொள்கின்றன, முனைகளில் இறுகி நடுவில் பலகை நழுவுகிறது. ரூட்டரின் அதிர்வில் நிற்கும் பலகை அரை மில்லிமீட்டர் கீழே இறங்கினால்கூட அந்த மூலை போயிற்று. நான் அந்தச் சட்டங்களைக் கழற்றிவிட்டு, கனத்த சதுரக் கம்பியில் வேறு இரண்டு செய்து, உள்பக்கம் உப்புத்தாள் ஒட்டினேன். லேத் இல்லாதவர்கள் உப்புத்தாள் மட்டும் ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். இழுத்துப் பூட்டும் கைப்பிடிகளையும் எம்8 திருகுகளாக மாற்றிக்கொண்டேன். அது தேவைதான் என்று சொல்ல மாட்டேன், கை சும்மா இருக்கவில்லை.

ரூட்டர் விஷயம் ஜிக்கைவிட முக்கியம் என்று எனக்குப் படுகிறது. டெம்ப்ளேட்டின் விரல்களைத் தொட்டு ஓடுவது பிட் அல்ல, ரூட்டரின் அடித்தட்டில் பொருத்தும் ஒரு வளையம், கைடு புஷ். இந்த டெம்ப்ளேட்டுக்கு அதன் வெளிவிட்டம் மூன்றரை நூல், 11.1 மில்லிமீட்டர். அரை அங்குல பிட்டின் தலை அந்த வளையத்துக்குள் நுழையாது. ஆகவே வளையத்தை முதலில் மாட்டி, பிட்டைக் கீழிருந்து செருக வேண்டும். மேலும் கீழும் துள்ளும் பிளஞ்ச் ரூட்டரில், பூட்டு தளர்ந்து மேலே எழும்பினால் சுழலும் பிட் வளையத்தைக் கடிக்கும். என்னென்ன எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. எனவே நிலையான அடித்தட்டு உள்ள டிரிம்மர் என்கிற சிறிய ரூட்டரே இந்த வேலைக்கு நல்லது. சக்தி குறைவுதான். அதற்கு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் கோலெட். கடைகளில் கிடைக்கும் டிரிம்மர்களில் சில 6 மில்லிமீட்டர், சில கால் அங்குலம். கால் அங்குலம் 6.35. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்கிற கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றல்ல. 6 மில்லிமீட்டர் ஷாங்கை 6.35 கோலெட்டில் எவ்வளவு இறுக்கினாலும் அது முழுச்சுற்றிலும் பிடிக்காது. ஓட்டத்தில் நழுவி ஆழம் மாறும், அல்லது கழன்றே வரும். டவ்டெயிலில் ஆழம் மாறினால் என்ன ஆகும் என்று மேலே கணக்குப் போட்டிருக்கிறோம். பன்னிரண்டுக்கும் அரை அங்குலத்துக்கும் இதே கதை. பிட்டையும் கோலெட்டையும் சேர்த்து வைத்து அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

கைடு புஷ்ஷின் மையமும் பிட்டின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் அங்குலக் கம்பியில் ஒரு கூம்பைக் கடைந்து, பிட்டுக்குப் பதில் கோலெட்டில் பிடித்து, வளையத்தை அதன்மேல் உட்கார வைத்து அடித்தட்டின் திருகுகளை இறுக்கினேன். பிறகு டயல் கேஜ் வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். டயல் கேஜ் இல்லாதவர்களுக்கு ஓர் எளிய வழி: ரூட்டரின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தப் பக்கம் எப்போதும் உங்களையே பார்க்கும்படி ஓட்டுங்கள். மையம் கொஞ்சம் தப்பியிருந்தாலும் எல்லா வெட்டிலும் ஒரே பக்கமாகத் தப்பும். ஓட்டத்தின் நடுவே ரூட்டரைத் திருப்பினால்தான் பிழை இரட்டிப்பாகும்.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் வலமிருந்து இடமாக விளிம்பை மெல்லக் கீறிவிட்டு, பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொரு விரலுக்குள்ளும் போய் வர வேண்டும். அந்த முதல் கீறல் இல்லாவிட்டால் சில்வர் ஓக்கின் நார் பிய்ந்து பிசிறாக நிற்கும். டவ்டெயில் பிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க முடியாது, முழு ஆழமும் ஒரே வெட்டு. தேக்கில் டிரிம்மர் திணறும். அதனால் நேர் பிட்டால் முன்பே நடுவில் உள்ள மரத்தைக் குறைத்துவிட்டால் டவ்டெயில் பிட்டுக்கு ஓரத்தைச் சீவும் வேலை மட்டும் மிஞ்சும். மோட்டார் நிற்கும்வரை ரூட்டரை மேலே தூக்கவே கூடாது. தூக்கினால் வாலும் போகும், டெம்ப்ளேட்டும் போகும், பிட்டும் போகும்.

சோதனை வெட்டு, வேலைக்கு எடுத்த அதே மரங்களில்தான். மேலே தேக்கு, முன்னால் சில்வர் ஓக். வேறு துண்டுகளில் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் இறுக்கம் மாறும். முதலில் ஆழத்தை மட்டும் தொட்டு இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். அது அமைந்த பிறகு டெம்ப்ளேட்டை முன்பின் நகர்த்தி, பக்கம் முகப்போடு சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் தொட்டால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் மதியம் போய்விடும். கையால் அழுத்தினால் பாதி இறங்கி, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால் உட்கார வேண்டும். பசை போட்டால் மரம் உப்பும், அதற்கும் இடம் வேண்டும். அது அமைந்ததும் இடது மூலைகள் முப்பதையும் ஜிக்கின் இடது முனையில் முடித்துவிட்டு, பிறகுதான் வலது முனைக்குப் போனேன்.

ஆசாரி அண்ணன் ஒரு நாள் வந்து பார்த்தார். ஒரு மூலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "எல்லா வாலும் ஒரே அகலம். ஆள் வெட்டியது இல்லை என்று தெரிந்துவிடும்" என்றார். உண்மைதான். 14 டிகிரி என்பது ஏறக்குறைய 1:4 சாய்வு. கையால் வெட்டுகிறவர் பெரும்பாலும் அவ்வளவு சாய்க்க மாட்டார். முளையும் வாலும் சம அகலத்தில் இருப்பதும் காட்டிக்கொடுக்கும். இழுப்பறையைத் திறக்கும்போது மட்டும் தெரியும் இடத்தில், கொலுசு வாங்க வந்தவர் யாராவது சாய்வை அளக்கப் போகிறாரா? ஆனால் வரவேற்பறையில் வைக்கும் சாமான் என்றால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன்.

மாப்பிள்ளை டெலஸ்கோப்பிக் சேனல் போடச் சொன்னார். அது ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் தின்னும். அந்த இடைவெளியை மறைக்க முகப்பு பக்கவாட்டில் நீண்டிருக்க வேண்டும். அதற்கு மேல்முகப்பு ஒன்றைத் தனியாக ஒட்ட வேண்டும். மேல்முகப்பு ஒட்டினால் உள்ளே எந்த இணைப்பு இருந்தாலும் தெரியாது. அப்போது முழு டவ்டெயிலே போதும், கெல்லரே போதும். இதையெல்லாம் ஜிக் வாங்கும் முன் பேசித் தீர்த்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. மரச்சட்டத்தில் ஓடட்டும், மெழுகு தேய்த்துத் தருகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார்.

அடிப்பலகைக்கான காடி எங்கே வர வேண்டும் என்பதையும் ஜிக்தான் சொல்கிறது. அது கடைசி வாலின் நடுவில் விழ வேண்டும். அதாவது கீழ் விளிம்பிலிருந்து மூன்றரை நூல். முளையில் விழுந்தால் முகப்பின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை தெரியும். வாலில் விழுந்தால் குழிக்குள் மறைந்துவிடும்.

சில்வர் ஓக்கின் தூளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிலருக்கு அது தோலில் ஒத்துக்கொள்வதில்லை. என்னிடம் வேலை செய்யும் பையனுக்கு முழங்கை வரை தடித்து அரித்துவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது அவன் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் அந்த ஷெட்டுக்குள் வருவதில்லை. தூளை உறிஞ்ச ஒரு வேக்குவமும் வைத்தாகிவிட்டது.

தேக்கில் உள்ள மணற்சத்து பிட்டின் முனையைச் சீக்கிரம் தின்கிறது. சாதாரண எஃகு பிட் வேண்டாம், கார்பைடு முனை உள்ளதையே வாங்குங்கள். அதே அளவில் இரண்டாவது ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். மழுங்கினால் வெளிப்பக்கத்தைத் தீட்டக் கொடுக்க முடியாது. விட்டம் குறையும், குறைந்தால் இறுக்கத்தின் கணக்கு முழுவதும் மாறும். மழுங்கியதை ஓரம் வைத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டியதுதான். போட்டதும் மறுபடி ஒரு சோதனை வெட்டு.